அறுபதில் விடுபட்ட ஒன்று

சென்ற மாதம் சைக்கிள் பந்தய நடுவர்களின் கூட்டம் ஒன்றுக்கு என்னை அழைத்திருந்தார்கள். முடிவுக் கோட்டைப் படம் பிடிக்கும் புதிய காமிரா ஒன்றைக் காட்டினார்கள். எந்தச் சக்கரம் முன்னால் வந்தது என்பதை மயிரிழை பிசகாமல் அது சொல்லிவிடுமாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைய நடுவர் ஒருவர் கேட்டார்: “இதெல்லாம் இல்லாத காலத்துல வெறும் பென்சில வெச்சிக்கினு எப்படி சார் சமாளிச்சீங்க?”

“சில நேரம் சமாளிக்கல” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, சமாளிக்காத அந்த ஒரு நாளை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பந்தயம் எனக்குச் சம்பளம் தந்த வேலை அல்ல. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் புதுச்சேரி மராமத்து இலாகாவில் சாலை அளப்பவனாக இருந்தேன். ஊர் ஏம்பலம். வீட்டில் நெல்லும் கரும்பும் உண்டு. அண்ணன்மார் மூன்று பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டதால் நாலாவது ஆளுக்கு அங்கே வேலை இல்லை. மூன்று வருஷம் அளவுச் சங்கிலியின் பின்முனையைப் பிடித்தேன். நாலாம் வருஷம் முன்முனை என் கைக்கு வந்தது. பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

இருபது மீட்டர் இரும்புச் சங்கிலி அது. உச்சி வெயிலில் நீளும் என்பதால் காலையில்தான் அளப்போம். எங்கள் பகுதியில் எல்லைகள் துண்டு துண்டாகக் கிடந்தன. பாகூரிலிருந்து வில்லியனூர்ப் பக்கம் போகும் ஒரே சாலையில் கொஞ்ச தூரம் நம்முடைய கிலோமீட்டர் கல், அப்புறம் இங்கிலீஷ்காரரின் மைல் கல், மறுபடியும் கிலோமீட்டர் கல். இங்கிலீஷ் எல்லை வந்ததும் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடப்போம். மறுபுறம் நம் எல்லை தொடங்கியதும் விரிப்போம். சாலையோரத்து ஜனங்கள் எனக்குச் சங்கிலிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தணிகாசலம் என்ற என் பெயரை முழுசாகச் சொல்லி அழைத்தவர் ஒருவர்தான். அவர் என் மேலதிகாரி முசே சவரிமுத்து. ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசே.

அவர் புதுச்சேரி டவுனைச் சேர்ந்தவர். பிரெஞ்சில் படித்தவர். மண் சுமப்பவரைக்கூட ‘நீங்கள்’ என்றுதான் சொல்வார். எந்த எண்ணையும் இரண்டு முறை சொல்வார்: “நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பன்னிரண்டு.” முதல் முறை நமக்கு, இரண்டாவது முறை தனக்கு. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. அவருடைய ஆட்கள் ரப்பர் வைத்துக்கொள்ளக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். தப்பு எது என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்பார்.

டவுனில் இருந்த சைக்கிள் கிளப்பின் பந்தயங்களுக்கு அவர்தான் தலைமை நடுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிப் போவார். மணல் கொட்டி, கோடு போட்டு, தூரம் அளந்து கொடுப்பேன். அப்படியே சுற்று எண்ணும் வேலையும் என்னிடம் வந்தது.

முப்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், வில்லியனூரில் பெரிய பந்தயம் ஒன்று நடத்துவதென்று முடிவாயிற்று. புதுச்சேரி, காரைக்கால், மதராஸ், கொழும்பு, சைகோன் என்று ஐந்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். துறைமுகத்துக்கு வந்திருந்த பிரெஞ்சுக் கப்பலிலிருந்து ஒரு மாலுமியும் பெயர் கொடுத்திருந்தார். எட்டுப் பேர், இரண்டு நாள், நான்கு பந்தயம். நான்கிலும் ஒருவர் எடுக்கும் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கே கோப்பை. வென்றவருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம் தருவதாகவும், அடுத்த வருஷம் சைகோனில் நடக்கும் பந்தயத்துக்குக் கப்பலில் அனுப்புவதாகவும் அதிகாரிகள் தரப்பில் சொல்லியிருந்தார்கள். வென்றவர் வெளியூராராக இருந்தால் கோப்பை மட்டும்.

ரயிலடிக்கு மேற்கே தரிசாகக் கிடந்த நிலத்தில் ஓடுபாதை போட்டோம். ஒரு சுற்று நானூறு மீட்டர். செம்மண்ணைச் சலித்து, மணலும் சுண்ணாம்பும் கலந்து, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் அடித்தோம். இரண்டு வளைவுகளிலும் வெளிப்பக்கம் இடுப்பளவு மேடு. வேகமாக வருகிறவர் சறுக்காமல் திரும்ப அது வேண்டும். பந்தயச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. உள்கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி அளக்க வேண்டும் என்பது விதி. மூன்று விடியற்காலைகளில் மூன்று முறை அளந்தேன். முசே நாலாவது முறை அளக்கச் சொன்னார். அளந்தேன்.

புதுச்சேரி சார்பில் இரண்டு பேர் ஓட்டலாம். ஒருவர் கிளப்பின் ஆள். இன்னொரு இடத்துக்கு நான் ஒரு பெயர் சொன்னேன்: எத்திராசு.

பாகூர்க் கொம்யூன் வட்டாரத்தின் கடலோரக் குப்பம் அவருக்கு. காலையில் வலை கரைக்கு வந்ததும் இரண்டு கூடை மீனைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வில்லியனூர்ச் சந்தைக்கு மிதிப்பார். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் மீன் கெட்டுவிடும். நாங்கள் சாலை அளக்கும் நாட்களில் அவர் எதிரே வருவார். மற்றவர்கள் சங்கிலியின்மேல் வண்டியை ஏற்றிவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் இறங்கி, கூடைகளோடு சைக்கிளைத் தூக்கி, சங்கிலியின் மேல் படாமல் அந்தப் பக்கம் வைப்பார்.

“இன்னா சங்கிலிக்காரரே, நேத்து வுட்ட எடத்துலயேதான் ரோடு கீதா?” என்று கேட்டுவிட்டு ஏறி மிதிப்பார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் புளியமரங்களைத் தாண்டியிருப்பார்.

கிளப் செயலாளர் ஒப்பவில்லை. “மீன் கூடை தூக்குறவனையெல்லாம் சேத்தா நாளைக்கு எவன் நம்ம கிளப்புக்கு வருவான், முசே?” என்றார்.

மறுநாள் காலை நான் அளந்து வைத்திருந்த சாலையில், முசே கிளப்பின் பந்தயச் சைக்கிளை எத்திராசுவிடம் கொடுத்து மூன்று முறை ஓட்டச் சொன்னார். மூன்று நேரத்தையும் எழுதிச் செயலாளரின் மேசையில் வைத்தார்.

“நான் கூடையை அளக்கவில்லை. ஒரு கிலோமீட்டரை அளந்தேன்” என்றார். அதோடு எத்திராசுவின் பெயர் பட்டியலில் ஏறியது.

முதல் நாள் காலை தனியாக ஓடும் பந்தயம். ஒவ்வொருவராக ஒரு கிலோமீட்டர் ஓட்ட, நேரத்தை எழுதுவார்கள். சைகோன்காரர் முதல், எத்திராசு இரண்டு. சைகோன்காரர் மெலிந்த மனிதர், அந்த ஊர்த் தபால் இலாகாவில் வேலை செய்பவர். யாரோடும் பேசமாட்டார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் தன் இரண்டு சக்கரங்களையும் ஈரத்துணியால் துடைப்பார். மாலையில் வேகப் பந்தயம். அதிலும் அவர்தான் முதல். எத்திராசு மூன்றாவது.

இரண்டாம் நாள் காலை, கடைசியாள் வெளியேறும் பந்தயம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, கோட்டைக் கடைசியாகத் தாண்டுகிறவர் விலக வேண்டும். சந்தை வழியில் மாட்டுவண்டிகளுக்கும் ஆட்களுக்கும் நடுவில் பத்து வருஷம் நுழைந்து வந்தவருக்கு அது கைவந்த வேலை. எத்திராசு முதலாக வந்தார். சைகோன்காரர் உள்பக்கமாகச் சிக்கிக்கொண்டு நாலாம் இடத்தோடு விலகினார். கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் ஆறு. மற்றவர்கள் பின்னால் இருந்தார்கள். மாலையில் நடக்கும் நீண்ட பந்தயத்தில் இவர்களில் யார் முந்துகிறாரோ அவருக்குத்தான் கோப்பை என்றாகிவிட்டது.

நீண்ட பந்தயம் அறுபது சுற்று. பத்து சுற்றுக்கு ஒருமுறை, கோட்டை முதலில் தாண்டும் நான்கு பேருக்குப் புள்ளிகள். ஆனால் புள்ளிகளைவிடச் சுற்று பெரிது. ஒரு சுற்று பின்தங்கிவிட்டால், எத்தனை புள்ளி வைத்திருந்தாலும், பின்தங்காதவருக்குக் கீழேதான் இடம். விழுந்தவருக்கு ஒரு சலுகை உண்டு. கூட்டம் தன்னைத் தாண்டி மூன்று முறை போகும்வரை அவர் வெளியே இருக்கலாம். அதற்குள் எழுந்து சேர்ந்துகொண்டால் நட்டமில்லை. நாலாவது முறையும் அவர் இல்லாமல் கூட்டம் கோட்டைத் தாண்டிவிட்டால் ஒரு சுற்று போய்விடும்.

எட்டுப் பேருக்கு எட்டு எண்ணிகள். எனக்கு சைகோன்காரர். முன்னால் போகும் கூட்டம் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு குறி போட வேண்டும். என் ஆள் அதில் இருந்தால் கோடு, இல்லாவிட்டால் பூஜ்யம். பந்தயம் முடியும்போது கோடும் பூஜ்யமுமாகச் சேர்ந்து அறுபது குறி இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய வேலை.

மூன்று மணிக்கு வெடி போட்டார்கள். வில்லியனூர், பாகூர், திருக்கனூர் என்று எல்லாப் பக்கத்து ஜனங்களும் மூங்கில் வேலியில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். குப்பத்துக்காரர்கள் தெற்கு வளைவில் ஒரே கூட்டமாக இருந்தார்கள். எத்திராசுவின் மனைவி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவர்களோடு நின்றார். முப்பது சுற்று ஒழுங்காகப் போயிற்று. சைகோன்காரர் புள்ளிகளில் கொஞ்சம் முன்னால்.

முப்பத்து மூன்றாவது கோடு போட்டு நிமிர்ந்தேன். என் மேசையைத் தாண்டிப் பத்தடியில் மதராஸ்காரர் ஒருவரின் டயர் வெடித்தது. அவர் மேல் சைகோன்காரர் ஏறி விழுந்தார். அவர்களுக்குப் பின்னால் வந்த எத்திராசு வளைவின் மேட்டுக்குச் சைக்கிளை ஏற்றினார். பின்சக்கரம் சறுக்கியது, ஒரு கால் தரையைத் தொட்டது, மறுபடியும் நிமிர்ந்தது. நான் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரைப் பார்த்தேன் என்றால் எத்திராசுவை. என் ஆள் தரையில் கிடந்தார். நான் அடுத்தவருடைய ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்து, மேசைக்கு அடியில் விழுந்திருந்த பென்சிலைத் தேடி எடுத்தேன்; அதற்குள் எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. பூஜ்யம் போட்டேன். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது பூஜ்யத்தைப் போடும்போது, கூட்டத்தோடு போன எத்திராசு மேசைப் பக்கம் முகத்தைத் திருப்பி “நாலு! நாலு!” என்று கத்தினார். அதே சமயத்தில் சைகோன்காரர் நெற்றியில் ரத்தத்தோடு சைக்கிளில் ஏறி ஓடுபாதைக்குள் வந்தார். வேலியில் இருந்த ஜனங்கள் உள்ளே குதித்தார்கள். சிப்பாய்கள் அவர்களைத் தள்ளினார்கள். என் மேசைக்கும் கோட்டுக்கும் நடுவில் முதுகுகள்தான் தெரிந்தன. சிப்பாய்கள் விலகியபோது சைகோன்காரர் கூட்டத்தோடு சேர்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். கோடு போட்டேன். அதற்குப் பிறகு கண்ணை எடுக்கவில்லை.

கடைசிச் சுற்று மணி அடித்தது. பந்தயம் முடிந்தபோது சைகோன்காரருக்குப் பதினேழு புள்ளி, எத்திராசுவுக்குப் பதினைந்து. என் தாளை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். மூன்று பூஜ்யம், ஐம்பத்தாறு கோடு. ஐம்பத்தொன்பது.

முசே என் தாளை வாங்கிப் பார்த்தார். ஓடுபாதை ஓரத்துக் கீற்றுக் கொட்டகைக்குள் வரச் சொன்னார். அவர், நான், கிளப் செயலாளர், எதிர்ப்பக்கத்தில் நின்ற துணை நடுவர் ஆகிய நால்வர் மட்டும். கீற்றுக்கு வெளியே ஜனங்கள் எத்திராசுவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். முசே உட்காரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஐம்பத்தொன்பது. ஐம்பத்தொன்பது” என்றார். “ஒரு குறி இல்லை. அது எங்கே போயிற்று?”

“தெரியல, முசே.”

“விழுந்த உடனேயா? அவர் திரும்பி வந்த பிறகா?”

அதுதான் கேள்வி. விழுந்த உடனே நான் நின்று பார்த்து, பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தபோது கூட்டம் ஒருமுறை போயிருந்தால், விடுபட்டது பூஜ்யம். அப்படியானால் சைகோன்காரர் நாலு முறை வெளியே இருந்தவர். கோப்பை எத்திராசுவுக்கு. முதுகுகள் மறைத்தபோது போயிருந்தால் விடுபட்டது கோடு. சைகோன்காரருக்கு நட்டமில்லை. கோப்பை அவருக்கு.

மற்ற எண்ணிகள் தங்கள் ஆட்களை மட்டுமே பார்த்திருந்தார்கள். துணை நடுவர், புழுதியில் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். சைகோன்காரரை அழைத்துக் கேட்டார்கள். தலையில் அடிபட்டதிலிருந்து சைக்கிளில் ஏறியதுவரை எதுவும் நினைவில்லை என்று பிரெஞ்சில் சொன்னார். பொய் சொல்வது போல எனக்குத் தோன்றவில்லை.

செயலாளர் என் தோளில் கை வைத்தார். “இன்னா தணிகாசலம், யோசனை இன்னாத்துக்கு? நம்ம ஊரு ஆளு. அவன் பொண்டாட்டி அங்க நின்னு அழுவுது பாரு. பென்சிலு உன் கையிலதான கீது? ஒரு சுழி போட்டா போச்சு.”

மீன் கூடை என்று சொன்ன அதே மனிதர். இப்போது நிஜமாகவே எத்திராசுவுக்காகப் பேசினார். அதில் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எனக்கும் அதே ஆசைதான் இருந்தது. உள்ளுக்குள் அது பூஜ்யம்தான் என்றும் பட்டது.

முசே செயலாளரை நிறுத்தவில்லை. அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“முசே தணிகாசலம். நீங்கள் நினைப்பது என்ன என்று நான் கேட்கவில்லை. நாலாவது முறை கூட்டம் அவர் இல்லாமல் கோட்டைத் தாண்டியதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?”

“எத்திராசு நாலுன்னு கத்துனது காதுல வுழுந்துது, முசே.”

“ஓட்டுகிறவரின் குரல் தாளில் ஏறாது. நீங்கள் பார்த்தீர்களா?”

வெளியே யாரோ கீற்றைத் தடியால் அடித்தார்கள். ‘பார்த்தேன்’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் மறுகேள்வி கேட்டிருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். சங்கிலி பிடித்த இத்தனை வருஷத்தில் ஒருநாளும் என் எண்ணை அவர் திருப்பிக் கேட்டதில்லை. மறுபடியும் அளக்கச் சொல்வார், அவ்வளவுதான். இதை மறுபடியும் அளக்க முடியாது.

“பாக்கல, முசே” என்றேன்.

“ஏன் பார்க்கவில்லை?”

“எத்திராசு வுழுந்துட்டாரான்னு பாத்துக்கினு இருந்தேன்.”

தலையசைத்தார். தாளின் அடியில் எழுதினார். பார்க்கப்படாத சுற்றுக்கு ஒருவரைத் தண்டிக்க முடியாது. ஆகவே சைகோன்காரர் முதல், எத்திராசு இரண்டாவது. அதன் கீழே, குறி விடுபட்டது எண்ணியவரின் கவனக்குறைவால் என்று எழுதி, என் முழுப்பெயரையும் போட்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதைப் பிரெஞ்சிலும் தமிழிலும் பலகையில் ஒட்டச் சொன்னார்.

“என் பேரு வெளிய தெரியணுமா, முசே?” என்று கேட்டுவிட்டேன்.

“தவறு உங்களுடையது. தீர்ப்பு என்னுடையது. இரண்டையும் கலந்தால் ஜனங்கள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பந்தயக்காரரைத் திட்டுவார்கள்” என்றார்.

ஜனங்களுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. மண்ணாங்கட்டி பறந்து வந்தது. ஒன்று என் காதோரம் பட்டது. வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். சைகோன்காரருக்குக் கோப்பையைக் கொட்டகைக்குள்ளேயே கொடுத்து, பின்பக்கமாக ரயிலடிக்கு அனுப்பினோம். அதற்குள் எத்திராசு கிளப்பின் சைக்கிளைக் கொட்டகைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, மனைவியோடு நடந்தே தெற்கே போய்விட்டார்.

ஏம்பலத்தில் எனக்கு ‘அம்பத்தொம்பது’ என்று பெயர் வந்தது. கிணற்றடியில், களத்துமேட்டில், என் கல்யாணப் பந்தியில்கூட, “அம்பத்தொம்பதுக்கு இன்னொரு எல போடு” என்றார்கள். என் அண்ணன்மாரே சிரித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் குப்பத்துக்குப் போனேன். எத்திராசு வாசலில் சைக்கிள் சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பிகளை இறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை. எப்போதும் ‘நீங்க’ என்று பேசுகிறவர் அன்று அப்படிப் பேசவில்லை.

“இன்னாத்துக்கு வந்த?”

“மன்னிப்புக் கேக்க வந்தேன், எத்திராசு.”

“நாலு சுத்து. அவன் வுழுந்ததுல இருந்து ஒவ்வொண்ணா எண்ணிக்கினுதான் மிதிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. தெரியுமா உனுக்கு?”

“நீ கத்துனது கேட்டுச்சு.”

“கேட்டுச்சுல்ல? அப்பறம் இன்னா?”

“நான் பாக்கலயே.”

கம்பி இறுக்கும் சாவியைத் தரையில் போட்டார். “நான் ஓட்டிக்கினே எண்ணுனேன். எதிர்க்காத்து, மூச்சு வாங்குது, பக்கத்துல ஒருத்தன் முட்டுறான். நான் எண்ணுனேன். நீ நெழல்ல நாக்காலி போட்டு ஒக்காந்திருந்த. உனுக்கு வேற வேல இல்ல. எண்ண ஒருத்தன்தான் இருந்தான், அவன எண்ணுறதுக்குன்னே வெச்சிருந்தாங்க. அந்த நேரத்துல என்னை இன்னாத்துக்குப் பாத்த?”

நீ விழக்கூடாது என்றுதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் அதிகமாக இருந்தது. அவர் மனைவி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு எழுந்து வந்தேன். மறுநாளிலிருந்து அவர் சந்தைக்கு வேறு சாலையில் போனார்.

முசே என்னை எண்ணும் வேலையிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த பந்தயத்துக்கும் தாளையும் பென்சிலையும் என் முன்னால்தான் வைத்தார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யுத்தம் தொடங்கியதும் வெளியூர்க்காரர் வருவது நின்றது. முசே ஓய்வு பெற்றார். தலைமை நடுவர் பொறுப்பு, கேட்பாரில்லாமல், என்னிடம் வந்து சேர்ந்தது.

நாற்பதுகளின் ஒரு கோடையில் பாகூர் ஏரி வற்றியிருந்தபோது, ஏரிக்குள்ளேயே சுண்ணாம்புக் கோடு போட்டு உள்ளூர்ப் பந்தயம் நடத்த ஏற்பாடு செய்தார்கள். முப்பது சுற்று. எண்ணிகள் போதவில்லை. நான் மறுபடியும் குப்பத்துக்குப் போனேன். ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எத்திராசுவுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

“எண்றதுக்கு ஆளு வேணும். ஓட்டிக்கினே எண்ணுன ஆளு ஒருத்தர்தான் எனக்குத் தெரியும்” என்றேன்.

கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். பிறகு, “வரேன். ஆனா ஒண்ணு” என்றார். “ஒரு மேசைக்கு ரெண்டு பேரு. எண்றவன் ஒருத்தன், வுழுந்தவனப் பாக்குறவன் ஒருத்தன். வுழுந்தவனப் பாக்காத இருக்க மனுசனால முடியாது. அதனால அதுக்குன்னு தனியா ஒரு ஆளப் போடு. எண்றவன் தலயத் திருப்பக் கூடாது. நான் எண்ணுனா, நீங்க என் பக்கத்துல ஒக்காந்து பாருங்க. ஒத்துக்கறீங்களா?”

‘நீங்க’ திரும்பி வந்ததைக் கவனித்தேன். ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் நடத்திய எல்லாப் பந்தயத்திலும் மேசைக்கு இரண்டு பேர்.

அந்தப் பாகூர்ப் பந்தயத்தில் எத்திராசு எண்ணியது திருக்கனூர்க்காரர் ஒருவரை. அவருக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தவன் எத்திராசுவின் அண்ணன் மகன் மாணிக்கம். இருபது வயதிருக்கும். தன் பந்தயச் சைக்கிளைச் சித்தப்பாதான் பழுது பார்த்துக் கொடுத்தார் என்று காலையில் என்னிடம் சொல்லியிருந்தான். இருபதாவது சுற்று முடிந்ததும், எங்கள் மேசையைக் கடந்து கொஞ்ச தூரத்தில், ஏரி மண்ணின் வெடிப்பில் முன்சக்கரம் இறங்கி அவன் தலைகீழாக விழுந்தான். அவன் மேல் சைக்கிள் விழுந்தது.

கரையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். நான் எழுந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழவில்லை. அவர் முகம் கோட்டைப் பார்த்தபடியே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது.

“யாரு?” என்றார், திரும்பாமலே.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. “மாணிக்கம்.”

கூட்டம் எதிர்ப்பக்கத்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பென்சில் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே இருந்தேன். “தூக்குறாங்க. கண்ணு தெறந்துட்டான். எடது கையி தொங்குது. ஒக்காந்துட்டான், எத்திராசு. தண்ணி கேக்கறான்.”

கூட்டம் கோட்டைத் தாண்டியது.

“இருபத்தொண்ணு” என்றார்.

மீதி ஒன்பது சுற்றையும் எண்ணினார். திருக்கனூர்க்காரர் வென்றார். எத்திராசு தாளில் கையெழுத்துப் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் ஓடினார்.

நான் தாளை எண்ணினேன். முப்பது இருந்தது. இருபத்தொன்றாவது கோடு மட்டும் மற்றவற்றைவிட அழுத்தமாக விழுந்திருந்தது. அந்த இடத்தில் தாள் கிழிந்து, அடியில் இருந்த மேசைப் பலகையிலும் கோடு பதிந்திருந்தது.